டீத்தண்ணீர் பூசிய முகம்

அந்த ஈட்டி முனை நேற்று அவ்வளவு பக்கத்தில் இல்லை. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பாதி உலகத்தைக் கட்டியாண்டு, பிறகு பேர் சொல்ல ஆளில்லாமல் மண்மேடாகிப்போன ஒரு பேரரசின் அரண்மனைச் சுவரிலிருந்து பெயர்த்து வந்த கற்சிற்பம் அது. ஒரே கயிற்றில் கட்டிய கைதிகள் ஆளுயரத்துக்கு மண்டியிட்டிருக்க, தாடிக்கார அரசன் ஈட்டியால் அவர்கள் கண்ணைத் தோண்ட வருகிறான்.

முதல் கைதி ஒரு சிறுமி. அவள் முகம் போன மாதம் கழுவும்போது அவன் கையோடு உதிர்ந்து வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் உடைந்ததை ஒட்டுவதுதான் அவன் பிழைப்பு. அவனே உடைத்தான் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டான். வீட்டில் மகளைப் படுக்கவைத்து, விளையாட்டு என்று சொல்லி, மூக்கில் உறிஞ்சுகுழல் செருகி, முகத்தில் சாந்தைப் பூசி அச்செடுத்தான். மூச்சுமுட்டி அவள் அழுத முகம்தான் அச்சில் விழுந்தது. கண்களை மட்டும் பிறகு செதுக்கித் திறந்தான்.

ஒட்டுப்போட்ட இடத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவே விடவேண்டும், பார்ப்பவர்களை ஏமாற்றக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் முறை. அவன் டீத்தண்ணீரும் புழுதியும் பூசி வெளுப்பை மறைத்தான்.

இன்று திறப்பு விழா. புதுப் பெயின்ட் வாசனையும் செண்ட் வாசனையும் கலந்து குமட்டிய அந்தக் கூடத்தில், இத்தனை பேர் பேச்சுக்கும் அடியில், கல்லைக் கல்மேல் மெல்ல இழுப்பது போல ஓர் உரசல் அவனுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேலதிகாரி அம்மா விருந்தாளிகளை அழைத்துவந்தார். "பாருங்க, ராஜ்ஜியமே மண்ணாப் போச்சு. இந்தப் பொண்ணோட பயம் மட்டும் அப்படியே நிக்குது. எல்லாம் நம்ம ஆளு கைவண்ணம்."

"மேடம், அது வந்து..."

"என்ன, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மேடம். ரொம்ப நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்குக் காது கூசியது. இதைவிட அறை வாங்கியிருக்கலாம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி. "பாப்பா கண்ணு வலிக்குதுன்னு அழறா. மணிக்கட்டுல கயிறு கட்டுன மாதிரி தடம் வேற. யாருடி கட்டுனாங்கன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறா."

உரசல். நிமிர்ந்தான். ஈட்டிக்கும் கண்ணுக்கும் நடுவே இப்போது ஒரு விரல்கூட நுழையாது.

கைக்குட்டையை நனைத்துக் கன்னத்தைத் தேய்த்தான். சாயம் போகவில்லை. நகத்தால் சுரண்டினான். சாந்து இல்லை. கல். பழைய கல்.

"என்ன பண்றீங்க?" என்றார் மேலதிகாரி அம்மா.

"தூசி மேடம்."

அப்போதும் அவன் வாயில் பொய்தான் வந்தது.

போனில் மகள். "அப்பா, அந்தத் தாடித் தாத்தா வந்துட்டாரு. நீ பக்கத்துலதான நிக்கிற? வேணாம்னு சொல்லுப்பா."

யாரிடம் சொல்வது? எல்லோரும் பார்க்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அதுதான். அந்த ஒரு நொடித் தயக்கம்.

உரசல் நின்றது.

போனில் சத்தமே இல்லை. சிறுமியின் கண்ணில் ஈட்டி முனை பதிந்திருந்தது. அதைச் சுற்றி, சற்றுமுன் கல்லாக இருந்த இடத்தில், டீத்தண்ணீர் படாத வெள்ளை வெளேரென்ற சாந்து, மாவு போல உதிர்ந்து அவன் செருப்பின்மேல் விழுந்துகொண்டே இருந்தது.