காதெலும்பு

கை நழுவிய உளி மேசையில் மோதி, உருண்டு, தரையில் விழுந்தது. சத்தமே வரவில்லை.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் எலும்பு மேடம் என்று கூப்பிடும் அவள், தனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்தாள். நான்கு மாதக் கைக்குழந்தை அழுது அழுது அவள் தூக்கத்தைப் பறித்திருந்தது. நின்றால் கண் செருகியது.

“உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்,” அவள் வாசலைத் தாண்டி வந்ததும் என்றார் கிடங்குக்காரர், உள்ளே வராமல் வெளியிலேயே நின்றபடி. “அந்த எலும்பு வந்ததுலேர்ந்து அந்த ரூம்ல ஃபேன் சுத்தறதுகூடக் கேக்கல. சீக்கிரம் என்னன்னு பாத்து மூட்டை கட்டுங்க.”

கடல் எட்டாத ஏதோவொரு கல்குவாரியில் கிடைத்த எலும்பு அது. சங்கு போல் சுருண்டு, உள்ளே துளையோடு, கல்லாக இறுகியிருந்தது. திமிங்கலத்தின் காதெலும்பு, அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைக்குள் அடங்க வேண்டியது குழந்தையின் தலையளவு இருந்தது. அவ்வளவு பெரிய திமிங்கலம் எந்தக் காலத்திலும் இருந்ததாக அவள் படித்ததில்லை. துடைக்கத் துடைக்க அதில் ஈரம் கசிந்தது. உப்பு வாடை.

“வீட்டுல வச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்,” என்றாள். உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அமைதிதான்.

கணவர் வெளியூரில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண், “இன்னிக்கும் ஒரே அழுகைக்கா,” என்று அலுத்துக்கொண்டு கிளம்பினாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் சுற்றியிருந்த துணியைப் பிரித்து எலும்பைப் பக்கத்து மேசையில் வைத்தாள். குழாயை மூடியது போல் அழுகை நின்றது. தூங்கிவிட்டது போல. எட்டிப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் சாய்ந்தாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில். மாதக்கணக்கில் காணாத தூக்கம். உடம்பு லேசாகியிருந்தது.

தொட்டிலைப் பார்த்தாள்.

குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. முகம் கருஞ்சிவப்பு. கால்கள் உதைத்தன. சத்தமில்லை.

எத்தனை நேரமாக?

வாரி மார்போடு அணைத்தாள். “கண்ணே” என்றாள். தன் குரலும் கேட்கவில்லை.

எலும்பை வெளியே எறியக் குனிந்தாள். அதன் துளை காதருகே வந்தது.

உள்ளே அவள் குழந்தை அழுதது. இரவெல்லாம் அழுத அழுகை முழுவதும். அதற்கும் கீழே, ஆழத்தில், ஏதோ ஒன்று பதில் சொன்னது. மிகப் பெரியது. மெதுவாக. பொறுமையாக. தாலாட்டுவது போல.

குழந்தையின் வாய் மூடியது. விம்மல் அடங்கியது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

குழந்தை அவள் பக்கம் திரும்பவில்லை. எலும்பைப் பார்த்துச் சிரித்தது. தூக்கிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கைகளையும் அதை நோக்கி நீட்டியது.