மேகாலயாவிலிருந்து வந்த பெரணி

கல் சிறுத்துப்போயிருந்தது.

தமயந்தி கண்ணாடித் தொட்டியின் மூடியை நகர்த்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மூன்று வாரங்களுக்கு முன்னால் மேகாலயாவின் சுண்ணாம்பு மலையில், ஒரு குகை வாயிலிலிருந்து அந்தப் பெரணிச் செடியோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்து வந்த கல் அது. ஒன்பது சென்டிமீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. உடைந்த சில்லு இல்லை, தூள் இல்லை, அடியில் தேங்கிய தண்ணீர்கூடத் தெளிவாக இருந்தது. கறுப்புச் செதில்கள் அடர்ந்த செடியின் தண்டு மட்டும் அந்த மிச்சக் கல்லைப் பொத்திப் பிடித்திருந்தது.

தண்ணீரில் அமிலம் கூடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் தனியாகக் குடியிருந்த வீடு வெள்ளைக்காரன் காலத்தது. ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புக்காரை பூசிய சுவர்கள். காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் அந்தச் சுவர்கள் ஈரத்தைக் குடித்து, புதிதாக வெள்ளையடித்த அறையின் வாசனையையும் அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாசனையையும் மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தன. மின்விசிறி சுற்றியது. ஆராய்ச்சி நிலையத்தின் பசுமைக்கூடத்தில் மராமத்து நடந்ததால்தான் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

கட்டுரை முடிகிற நிலையில் இருந்தது. தண்டு படர்வது, செதில்கள் கறுப்பு, நுனி கூரியது, இலை இருமுறை பிரிந்தது, வேறெந்தப் பெரணியோடும் ஒத்துப்போகாதது. இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் கண்டுபிடித்ததையே சரிபார்த்துக் கொடுத்தவள் அவள். ஒருமுறை அவளே கண்டெடுத்த செடியை, அவளுடைய பேராசிரியர் வைத்தீஸ்வரன் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். இந்த முறை கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். மலையில் பிளவுக்குள் கையைவிட்டுச் செடியைப் பிடுங்கியவன், கூர்க்கல் உள்ளங்கையைக் கிழித்தும் பிடியை விடாதவன், அவளுடைய உதவியாளன் ஸ்ரீஹர்ஷா. அவனைக் கடைசியில் நன்றி சொல்கிற வரியில் சேர்த்திருந்தாள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவள் கண் சற்று வேகமாக நகர்ந்தது.

போன் அடித்தது. அவன்தான். ஒரு வாரமாக விடுப்பில் இருந்தான்.

"மேடம், பேப்பர் அனுப்பிட்டீங்களா?" வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன, வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

"இன்னிக்கு அனுப்பிடுவேன். ஏன் ஹர்ஷா?"

"அனுப்பாதீங்க."

அவன் பெயர் இல்லையென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். முகம் சூடேறியது. "உன் பேர் போடலன்னுதான? அத நேர்ல பேசிக்கலாம்."

"நேர்லயே வந்துட்டேன் மேடம். கேட்ல நிக்கறேன். ஸ்வல்ப, கொஞ்சம் கதவத் திறங்க."

திறந்தாள். மழையில் தொப்பலாக நனைந்து நின்றான். இடது கையில் கள வேலைக்கு எடுத்துப்போகும் பாறைச் சுத்தியல். வலது கையை ஒரு துண்டால் சுற்றியிருந்தான். முகத்தில் ஏதோ சரியில்லை; கன்னங்கள் உள்ளே விழவில்லை, கீழே இறங்கியிருந்தன. துருவாசனை இப்போது அவனிடமிருந்து வந்தது.

"பல்லெல்லாம் போயிடுச்சு மேடம்," என்றான். "வலியே இல்ல. காலைல தலையணைல கிடந்தது நாலு. மத்ததக் காணோம்."

அவன் துண்டை அவிழ்த்தான். கை தொங்கியது. யாரோ கழற்றிப்போட்ட ஈரக் கையுறைபோல, முழங்கை வரைக்கும், மடிந்து, மெல்ல ஆடிக்கொண்டு.

"எக்ஸ்ரே எடுத்தாங்க. மூணு தடவ எடுத்துட்டு மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள எலும்புதான் இல்ல. எலும்பும் சுண்ணாம்புதான மேடம்."

அவள் செருப்பைத் தேடினாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா, ஆட்டோ கூப்பிடறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். அந்தச் செடிக்குப் பேர் வெக்காதீங்க. பேர் வெச்சா எடத்த எழுதணும். எடத்த எழுதுனா தேடிட்டுப் போவாங்க. பிடுங்குவாங்க. ஊர் ஊரா எடுத்துட்டுப் போவாங்க."

சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டி உள்ளே போனான். சாரல் அடித்த கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு அவள் திரும்பினாள்; அவன் எங்கே போகிறான் என்பது புரிவதற்குள் சுத்தியல் உயர்ந்துவிட்டது.

தொட்டி வெடித்தது.

"ஹர்ஷா!"

இரண்டாவது அடி மேசையில் விழுந்தது. நுண்ணோக்கி உருண்டது. மூன்றாவதாகச் செடியை நோக்கி ஓங்கினான். அவளுடைய செடி. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒன்று. அவள் யோசிக்கவில்லை. இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சில் மோதித் தள்ளினாள். நெஞ்சு உள்ளே போனது. அவளுடைய கைகள் மணிக்கட்டு வரை, பிசைந்த மாவுக்குள் போவதுபோலப் போயின. அவன் பின்னால் சரிந்து இரும்பு பீரோவின் முனையில் தலை இடிக்க விழுந்தான். எலும்பு உடைகிற சத்தத்துக்காக அவள் உடம்பு காத்திருந்தது. சத்தமே வரவில்லை. தலையின் பின்பக்கம் பீரோ முனையின் வடிவத்துக்கு மடிந்து, அப்படியே நின்றது.

கண்கள் திறந்திருந்தன. ரத்தம் கொஞ்சமாக, மெதுவாக வந்தது.

கொன்றுவிட்டேன்.

அந்த நேரத்திலும் அவள் கை செடியைத்தான் தேடியது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அதை அள்ளினாள். சில்லு ஒன்று உள்ளங்கையை நீளமாகக் கிழித்தது. வலித்தது. பிறகு வலிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். தண்டின் நுனி காயத்துக்குள் இருந்தது. கறுப்புச் செதில்கள் ஒவ்வொன்றாகத் தோலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தன. குளிர்ச்சியாக. அவசரமில்லாமல்.

பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலால் செடியை மிதித்துக்கொண்டு கையை உருவினாள். சதையோடு பிய்ந்து வந்தது. சமையலறைக்கு ஓடினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். நீல நெருப்பு.

வைத்தாள்.

தன் கத்தல் தனக்கே யாருடையதோபோலக் கேட்டது. கையை எடுக்கவில்லை. தோல் கருகியது. கொழுப்பு சொட்டி நெருப்பு மஞ்சளானது. காயத்துக்குள் ஏதோ துடித்து, சுருண்டு, பொசுங்கியது. அதற்குப் பிறகுதான் எடுத்தாள். கதவு நிலையில் சாய்ந்து வாந்தியெடுத்தாள். போன் முன்னறையில் இருந்தது. வெளியே போகிற வாசலும் முன்னறையில்தான்.

திரும்பி வந்தாள்.

பீரோவின் அருகே யாரும் இல்லை.

ஈரமான தடம். பீரோவிலிருந்து சுவர் வரைக்கும். சுவரில் ஏறி.

நிமிர்ந்தாள்.

வாசல் கதவுக்கு மேலே சுவரில் அவன் பரவியிருந்தான். உலரப் போட்ட சட்டையைப்போலத் தட்டையாக, கைகளும் கால்களும் நான்கு மூலைக்கும் நீண்டு. அவனுக்கடியில் காரை பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. விரல் நுனிகளிலிருந்து, காதுகளிலிருந்து, சட்டைப் பொத்தான்களின் இடுக்குகளிலிருந்து பச்சைச் சுருள்கள் வெளியே வந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அவள் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த அதே இலைகள். அழகாக இருந்தன. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் முதிர்ந்த பழுப்புப் பொட்டுகள் வரிசையாக வெடித்துத் தூளைக் கொட்டின. பெரணிக்கு விதை அந்தத் தூள்தான்.

மின்விசிறிக் காற்றில் தூள் எழுந்தது. பல்பு வெளிச்சம் மங்கியது. அறை முழுக்கப் பழுப்பு மூட்டம், மெல்லச் சுழன்று, தாழ்ந்து வந்தது.

சுவரில் முகம் இருந்த இடத்தில் கண்கள் அசைந்தன. அவளைத் தேடின. கண்டுபிடித்தன. உதடுகள் இலைகளை ஒதுக்கின.

"மேடம்," என்றான் ஸ்ரீஹர்ஷா. அவன் குரல்தான். மரியாதை மாறாத அதே குரல். "மூச்சு இழுக்காதீங்க."

கருகிய கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். கதவு எட்டடி தூரம். தாழ்ப்பாள் அவனுடைய ஒரு காலுக்கடியில், இலைகளுக்குள் இருந்தது. தூள் அவள் முடியில் இறங்கியது. இமைகளில். வெந்த கையின் ஓரத்தில், பச்சைச் சதையில்.

ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. நெஞ்சு இடித்தது. காது அடைத்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள்.

தாழ்ப்பாளைத் தொட்டாள். இலைகள் அவள் விரல்களைச் சுற்றின.

வாய் தானாகத் திறந்தது.