கம்பளிக்குள் ஒரு "ம்"

கதை சொல்ல ஆரம்பித்தால் வரிக்கு வரி "ஏன்?" என்று உயிரை வாங்குகிற குட்டி, அன்றைக்கு வெறும் "ம்" மட்டும் கொட்டினாள்.

காட்டுக்குள் தன்னந்தனியாக நின்ற மரவீடு அது. வார இறுதிக்குள் உளுத்துப்போன தரைப்பலகைகளை மாற்றியே தீருவது என்று அம்மா சபதம் போட்டிருந்தாள். அப்பாவுக்கும் சுத்தியலுக்கும் ஏழாம் பொருத்தம்; மகளோடு கண்ணாமூச்சி ஆடுவதுதான் அவருக்கு ஒதுக்கிய வேலை. வாசலில் உட்கார்ந்து பலகை அறுத்துவிட்டு அம்மா உள்ளே வந்தபோது, மூலைக் கட்டிலில் கம்பளி மேடாகக் கிடந்தது. உள்ளே மூச்சு ஏறி இறங்கியது. வெளியே தூறலில் அவர் குரல் கேட்டது.

"எங்கடி ஒளிஞ்சிருக்க, குரங்கே?"

காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "சத்தம் போடாம படு. கதை சொல்றேன்," என்றாள் கம்பளியிடம், ரகசியமாக.

"ம்."

தரையில் திறந்து கிடந்த இருட்டுப் பள்ளத்திலிருந்து ஈரமண் வாடையும் மட்கிய இலை வாடையும் மேலேறி மூக்கை அடைக்க, கட்டிலுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள்; வாய் பாட்டுக்கு நரிக் கதை சொல்ல, கை பாட்டுக்கு ஒவ்வொரு பலகையாக வைத்து ஆணி அறைந்துகொண்டிருந்தது. சுத்தியல் ஓய்ந்தபோதெல்லாம் பின்னால் ஒரு "ம்". கடைசிப் பலகையும் உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

தரைக்கு அடியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

"அம்மா... அப்பா போயிட்டாரா? நான் வெளிய வரலாமா? ஒரே இருட்டா இருக்கு."

சுத்தியலைத் திருப்பினாள். ஆணியை நெம்பினாள்.

"அப்புறம்?" என்றது கட்டில்.

குட்டியின் குரலேதான். துளியும் பிசகில்லை.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கதையை நிறுத்தவும் பயம்.

"அப்புறம்... நரி ஆத்தைத் தாண்டுச்சு." இன்னொரு ஆணி.

"ம்." கட்டில் கிறீச்சிட்டது.

"அங்க... ஒரு குகை." இன்னொன்று.

"ம்." முதுகுக்குப் பின்னால்.

பலகை தூக்கிக்கொண்டது. இடுக்கில் குட்டியின் விரல்கள் தெரிந்தன.

"கையக் குடும்மா."

கையை நீட்டினாள். அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை வந்தது. நீண்டுகொண்டே வந்தது. அது பலகையைத் தொட்டு, அந்தச் சின்ன விரல்களின் மேலேயே, மெதுவாக அழுத்தி மூடத் தொடங்கியது.