சீனி மாவில் ஒரு தேயிலை மலை

"அய்யய்யோ! பையை பஸ்லயே விட்டுட்டேனே!"

யுவனேஸ்வரியின் அம்மா குமுதா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கேக் அலங்கரிக்கும் உருளை, அச்சு எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தன. பஸ்ஸோ இந்நேரம் பிரிஞ்சாங் டவுனுக்கே போயிருக்கும்.

பக்கத்து வீட்டு அகிலனுக்கு இன்று ஐந்தாவது பிறந்தநாள். மருத்துவமனையில் கிடந்த பிள்ளை, மாலையில்தான் வீடு திரும்புகிறான். "கேக்குல அம்மா கொழுந்து எடுக்கிற மலை வேணும். அதுல ஒரு லோரியும் வேணும்" என்று ஆசையாகக் கேட்டிருந்தான். அவனை ஏமாற்ற யாருக்கு மனசு வரும்?

கேக் தயார். அதன்மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் என்ற சீனி மாவும் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பிசைந்து தயார். கருவிகள்தான் இல்லை.

"அம்மா, அப்பாவோட டூல்ஸ் பெட்டி இருக்குல்ல?" என்றாள் யுவா.

"கேக்குல கிரீஸ் மணக்கும் லா!"

எஸ்டேட் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு, பெட்டியை யாராவது தொட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். யுவா பயந்துகொண்டேதான் கேட்டாள்.

"அகிலனுக்கா?" என்றார் அப்பா. "பழசைத் தொடாத. அலமாரியில பிரிக்காத புது சாமான் இருக்கு. எடுத்துக்க."

குழாய்த் துண்டு, பூச்சுத் தகடு, போல்ட் எல்லாவற்றையும் யுவா சவுக்காரம் போட்டுக் கழுவினாள். எவர்சில்வர் போல்ட்டைக் கொதிக்கும் நீரிலும் போட்டு எடுத்தாள்.

குழாய்த் துண்டில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மாவைத் தேய்த்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் தகட்டால் அதை வழவழவென்று நீவினாள். சிவப்பு மாவை வெட்டி ஒட்டியதும் லோரி வந்தது. கறுப்புச் சக்கரத்தின் ஓரத்தில் போல்ட்டின் மரை பதிய உருட்டினாள். அச்சு அசல் டயர்!

தேயிலைச் செடிதான் மக்கர் செய்தது. பச்சை மாவை உருட்டி உருட்டி வைத்தாள்.

"மலை முழுக்க முட்டைக்கோஸா?" என்று சிரித்தார் அப்பா.

யுவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அடுப்பருகே தொங்கிய தேநீர் வடிகட்டி கண்ணில் பட்டது. அதைக் கழுவித் துடைத்து, பச்சை மாவை உள்ளே வைத்து அழுத்தினாள். வெளியே குட்டிக் குட்டிக் கொழுந்துகள் எட்டிப் பார்த்தன!

"அடி சக்கை! தேயிலை வடிகட்டியிலயே தேயிலைச் செடியா?" அம்மா அவளைக் கட்டிக்கொண்டார்.

மாலையில் அகிலன் வந்தான். உடம்பு இளைத்திருந்தது. கேக்கைப் பார்த்ததும் கண் மட்டும் பெரிதானது.

"எங்கம்மா மலை!"

கத்தியைக் கொடுத்தார்கள். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வெட்ட மாட்டேன். மலை பாவம்."

அவன் அம்மா கங்கா எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. உதடு பிதுங்கியது. கேக் வீணாகிவிடுமோ என்று எல்லாரும் விழித்தார்கள்.

யுவா அவன் பக்கத்தில் குனிந்தாள். "டேய், தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுவாங்கள்ல? ஒட்ட வெட்டினாத்தானே புதுசா துளிர்க்கும்?"

அகிலன் யோசித்தான். "ஆமா லா!"

அப்புறம் என்ன? அவனே வெட்டினான். அவனே எல்லாருக்கும் ஊட்டினான். லோரியை மட்டும் யாருக்கும் தரவில்லை. வீடே சிரிப்பால் நிறைந்தது.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். யுவா திறந்தாள். காலித் தட்டோடு அகிலன் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, தண்ணிகூட ஊத்திட்டேன். இன்னும் துளிர்க்கலையே!"