இடப்பக்கம் திரும்பினால் ஒரு சத்தம்

கட... கட... கட... கட...

மழைக்கு நடுவே அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே திரிஷாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓரிக்கை சாலையிலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் இடப்பக்கம் ஒடித்து அவள் ஷெட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சக்கரம் நேரானதும் சத்தம் அடங்கியது. வேறொரு வண்டிக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"முன்சக்கரத்து ஆக்சில் ஜாயின்ட் போயிடுச்சுபா. ஓரமா நிறுத்து."

"மெக்கானிக் இல்லீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, இமையில் மழைத்துளியோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நல்ல கண்கள்தான்... அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்... ஆனால் கேட்ட கேள்வி இருக்கிறதே!

"உங்க எதிர்ல நிக்கறது யாராம்? மேல போர்டு இருக்குது, படிங்க."

'திரிஷா கார் ஒர்க்ஸ்.' அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பலகையில் ஏறிய பெயர் அது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால்கூட அவள் அம்மா கங்கையம்மாள் ஜன்னலில் எட்டி அதைப் பார்க்காமல் போவதில்லை.

அவன் படித்தான். "மன்னிச்சுக்கோங்க," என்றான். பெயர் ஆனந்தகுமார். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை, தானும் தறியில் உட்காருகிறவன்.

திரிஷா டார்ச்சோடு முன்சக்கரத்துக்கு அடியில் குனிந்தாள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றி, அரக்கு நிறப் பட்டு நூல் நெருக்கமாக வரிந்து கட்டியிருந்தது!

"இது யார் பண்ண வேல?"

"நான்தான்." குரலில் என்ன பெருமை! "நூல நல்லா முறுக்கிக் கட்டினேன். எங்க முடிச்சு அவிழவே அவிழாதுங்க."

"அவிழலதான். பாக்கவும் அழகா இருக்குது. ஆனா உள்ள இருந்த கிரீஸ் எல்லாம் நூல் வழியா ஒழுகிப்போச்சு. மண்ணு பூந்து, உள்ள இருக்கற குண்டெல்லாம் தேஞ்சிருக்குது. அதான் திரும்பறப்போ வண்டி கத்துது."

அவன் முகம் சுருங்கியது. அடுத்த நொடி தன்னை நினைத்துத் தானே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை அவள் கவனிக்காமல் இருந்திருக்கலாம்... கவனித்துவிட்டாள்.

எதிரே டயர் கடை துரைக்கண்ணு குரல் கொடுத்தார். "தம்பி, எதுக்கும் வேற எடத்துலயும் கேட்டுக்கோ. பொம்பளப் புள்ள கை வெச்ச வண்டி..."

திரிஷாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணே, நல்லா கேட்டுக்கோங்க! திரும்பறப்போ இந்த வண்டியில மறுபடி சத்தம் வந்திச்சுன்னா, என் போர்ட நானே கழட்டிடறேன்!"

தேய்ந்த ஜாயின்ட்டைக் கழற்றிப் புதிது மாட்டினாள். கிரீஸ் நிரப்பி, புது உறை போட்டு, கிளிப்பால் இறுக்கினாள். மறுநாள் பக்கத்துக் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் அடித்தாள். சின்ன முனகல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆனந்தகுமார் வாயைப் பிளந்தான்.

"உங்க கைய ஃபிரேம் போட்டு மாட்டணுங்க."

"கைய மாட்டிட்டா அடுத்த வண்டிய யார் பாக்கறது?" என்றாள். கன்னம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் சிவந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. அடுத்த வாரமே வந்து நின்றான். "திருப்பினா டொக்குனு ஒரு சத்தங்க..."

அவளுக்குத் திக்கென்றது. முன்பக்கத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. ஓட்டிப் பார்த்தால் மட்டும் எங்கேயோ ஒரு 'டொக்'. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய காது, பக்கத்தில் இருந்தவன் பேச்சையல்லவா கேட்டுக்கொண்டிருந்தது! டீ குடித்தான், ஊர்க்கதை பேசினான், போனான். மறுபடி வந்தான். மறுபடியும் அதே சத்தம்.

"போர்டு எப்பம்மா எறங்குது?" என்று துரைக்கண்ணு ரோடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

சொன்ன சொல் சொன்னதுதான். அன்று சாயங்காலம் திரிஷா ஏணி போட்டு ஏறினாள். ஒரு போல்ட் கழன்று பலகை ஒரு பக்கம் சரிந்தபோது வெள்ளைக் கார் வந்து நின்றது.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? நிறுத்துங்க!"

ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அதன் குழிக்குள் கைவிட்டு எடுத்தான். தறியில் ஊடை நூல் ஓட்டுகிற மர நாடா!

"சத்தம் இதுதாங்க. உருண்டு தகரத்துல இடிக்கட்டும்னு நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"சரியாப்போன வண்டிய வெச்சுக்கினு... எப்படிங்க உங்களப் பாக்க வர்றது?"

திரிஷாவின் கண்கள் நிறைந்தன. நெஞ்சு இனித்தது, அதைவிட அதிகமாக எரிந்தது.

"வெளையாட உனக்கு என் பேருதான் கெடச்சுதா? இது மேல ஏற எங்க வூட்ல எத்தன பேரு அடுத்தவன் நெலத்துல குனிஞ்சாங்க தெரியுமா?"

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மழைத்தூறலில் நடு ரோட்டுக்குப் போனான். ஒரு ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. நாடாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"துரைக்கண்ணு அண்ணே! எல்லாரும் கேளுங்க! அவங்க வேலையில ஒரு தப்பும் இல்ல. இத உள்ள போட்டு பொய்ச்சத்தம் கெளப்பினது நான். அவங்கள எனக்குப் புடிச்சிருக்குது, அதுக்காக!"

ரோடே சிரித்தது. அவன் காது சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். "போர்டு கோணலா தொங்குதும்மா... நேரா மாட்டு."

திரிஷா போல்ட்டைத் திரும்பச் செருகினாள். "எங்க தெரு எதுன்னு தெரிஞ்சா உங்க வீட்ல சும்மா இருப்பாங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன். அப்பா பேச மாட்டேன்றாரு. அவரு பேசற வரைக்கும் நானும் இதே மாதிரி சத்தமா சொல்லிக்கினே இருப்பேன். அத உங்ககிட்ட சொல்லத்தான் இப்ப வந்தேன்."

கடைசிப் போல்ட்டையும் இறுக்கிவிட்டு, பெயரை ஒரு முறை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகுதான் திரும்பி, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"இனிமே வண்டியில சத்தத்தோட வரக்கூடாது."

"சரிங்க."

"ஏதாவது கழண்டாதான் வரணும்னு இல்ல... சும்மா வா. எனக்கும் உன்னப் பாக்கணும் போலதான் இருக்குது, குமாரு."