வண்டு வராத பந்தல்

அந்தப் பந்தலில் பிஞ்சு பிடித்திருக்கவே கூடாது. ஆனால் பிடித்திருந்தது. அண்ணாந்து பார்த்த இடமெல்லாம் கணுவுக்குக் கணு பச்சைக் குண்டுகளாக மினுங்கிக்கொண்டு தொங்கின.

அவள் ஆராய்ச்சிக்காக அந்தத் தோட்டத்து வீட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் 'வண்டு மேடம்'. பந்தலில் படர்ந்திருந்த பேஷன் பழக் கொடியின் பூ உச்சி வெயிலில் விரிந்து, பொழுது சாய்வதற்குள் மூடிக்கொள்ளும். தன் கொடியின் மகரந்தம் அதற்கு உதவாது. வேறொரு கொடியிலிருந்து யாராவது கொண்டுவந்து தடவ வேண்டும். கட்டைவிரல் பருமனான கருவண்டுகள்தான் காலங்காலமாக அந்த வேலையைச் செய்தன. பூவுக்கு அடியில் அவை நுழையும்போது முதுகில் மஞ்சள் நிற மகரந்தத் தூள் அப்பிக்கொள்ளும். அந்த வண்டுகள் குடியிருந்தது தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டின் பட்ட மரங்களில். போன வருடம் காட்டில் பாதியை வெட்டிவிட்டார்கள். வண்டுகளும் போயின. காடு போனதால் தோட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று அளந்து சொல்லிவிட்டால், மிச்சப் பாதியையாவது காப்பாற்றலாம். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

நாள் தவறாமல் பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு வண்டுகூட வரவில்லை. அவள் வலைப்பை கட்டி மூடி வைத்த பூக்கள் எல்லாம் வாடி உதிர்ந்தன. மூடாத பூக்களோ ஒன்றுவிடாமல் காயாயின. அப்படியென்றால் எதுவோ வந்து தொடுகிறது.

"அண்ணா, நீங்க கையால தடவி விடுறீங்களா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டாள்.

"இத்தனை பூவையுமா? எனக்கு வேற வேலை இல்லையாம்மா? சாப்பிட்டா கண்ணு தானா சொருகுது. இந்த வருஷம் மத்தியானத் தூக்கம் அப்படி ஒரு தூக்கம்."

"இவருக்கு மட்டும்தானா? எனக்கும் அப்படித்தான். ஊரே தூங்குது" என்று அவர் மனைவி சிரித்தாள். தண்ணீர்ச் செம்பை வைக்க அவள் குனிந்தபோது, தலை வகிட்டில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

"அக்கா, தலையில என்னவோ ஒட்டியிருக்கு."

அக்கா தடவிப் பார்த்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பந்தல்ல இருந்து கொட்டியிருக்கும்."

அந்த மகரந்தத் தூள் ஈரமானது, பிசுக்குப் பிசுக்கென்று இருக்கும், தானாகக் கொட்டாது. அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வனத்துறை அலுவலகத்திலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "காய் பிடிச்சிருக்கா இல்லையா மேடம்?"

"பிடிச்சிருக்கு சார். ஆனா எப்படின்னுதான்…"

"எப்படியோ பிடிக்கட்டுமே. வண்டு இல்லாமலே காய்க்குதுன்னா மிச்சக் காட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? அறிக்கையச் சீக்கிரம் அனுப்புங்க."

அன்று கண்கொட்டாமல் பார்த்தே தீருவது என்று பந்தலடிக்குப் போனாள். உச்சிப் பொழுதில் காற்று நின்றது. தலைக்கு மேலே மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிய, பழுத்த பழமும் ஈர மண்ணும் கலந்தது போன்ற கனத்த வாசனை இறங்கி வந்து மூக்கிலும் தொண்டையிலும் படிந்தது. தூரத்தில் நாய் குரைத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஓய்ந்தது. பிறகு ரீங்காரம் கேட்டது. தாழ்வான, அறுபடாத ரீங்காரம். வண்டுதான்! மனசு துள்ளியது. காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. சத்தம் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

கண் விழித்தபோது பூக்கள் மூடிக்கொண்டிருந்தன. அவள் நின்றுகொண்டிருந்தாள். பந்தலின் அடுத்த கோடியில். நாற்காலி தூரத்தில் தனியே கிடந்தது.

இரவு கணவனோடு வீடியோவில் பேசும்போது, தண்ணீர் எடுக்கத் திரும்பினாள்.

"இரு, இரு. பின்கழுத்துல என்ன அது? மஞ்சளா, தலை வரைக்கும் அப்பியிருக்கு."

கையை வைத்துப் பார்த்தாள். விரல் ஒட்டியது. "என்னங்க, நாளைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஆனா மத்தியானம் மட்டும் வேண்டாம். பொழுது சாஞ்சு வாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"வாங்க, சொல்றேன்."

"சரிம்மா, வர்றேன். நீ பயப்படாம தூங்கு."

அடுத்த நாள் வெயில் ஏறும்போதே அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். துப்பட்டாவால் இடது மணிக்கட்டை ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். வலித்தால் தூக்கம் வராது. ஜன்னலுக்கு நேர் எதிரே பந்தல்.

மொட்டுகள் விரிந்தன. வாசனை ஜன்னல் இடுக்கு வழியே நுழைந்தது. வலி உறைக்கும்வரை கட்டை முறுக்கிக்கொண்டாள்.

பின்கதவு திறந்தது. தோட்டக்காரர் வந்தார். அவர் பின்னால் அக்கா. பாதி மூடிய கண். சேர்த்து அழுத்திய உதடு. சிறு முனகலாகத் தொடங்கிய சத்தம் வளர்ந்து ரீங்காரமானது. அவர்கள் தொண்டையிலிருந்து வந்தது. பந்தலடியில் போய் முதுகை வளைத்துப் பிடரியை மேலே தூக்கி, ஒரு பூவில் தேய்த்தார்கள். நகர்ந்தார்கள். அடுத்த பூ. அடுத்த கொடி. அவள் வலைப்பை கட்டிய பூக்களைத் தொடாமல் தாண்டிப் போனார்கள்.

வேலிப் பக்கம் சரசரப்பு. அடுத்த வீட்டுக்காரர்கள். தபால்காரர் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

அப்போது கார் சத்தம்.

அவள் கணவன். மனசு கேட்காமல் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டான்.

"வராதீங்க! காரை விட்டு இறங்காதீங்க!" ஜன்னலில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். அவன் இறங்கினான். அவளைப் பார்த்துக் கையசைத்தான். அசைத்த கை பாதியில் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. கார்க் கதவைச் சாத்தாமலே பந்தலை நோக்கி நடந்தான்.

பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். கம்பியில் தோல் உரிந்தது. தாழைத் திறந்து ஓடினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள், கன்னத்தில் அறைந்தாள், பேர் சொல்லிக் கத்தினாள். அவன் அசையவில்லை. அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அதிர்வு. வண்டை மூடிப் பிடித்தது போல.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். அக்கா. வழியில் நிற்கும் குழந்தையை நகர்த்துவது போல, அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அவளுக்கு மேலிருந்த பூவுக்குப் பிடரியைக் கொடுத்தாள்.

வாசனை. கண்ணிமை கனத்தது. கூடாது. கூடாது. அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். கொதிக்கும் வெயிலில், செருப்பில்லாமல், அவசரமில்லாமல், முன்பின் பார்த்தறியாத ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த ஊர்க்காரர்களாக இருக்கும். அதற்கும் அடுத்த ஊராக இருக்கும்.

முன்னால் வந்தவள் ஓர் இளம் தாய். பந்தலுக்குள் நுழைந்ததும் இடுப்பிலிருந்த கைக்குழந்தையை இரண்டு கையாலும் மேலே தூக்கினாள். அதன் இமைகள் பாதி மூடியிருந்தன, வாய் இறுக மூடியிருந்தது, தொண்டை மட்டும் துடித்தது. இன்னும் எலும்பு கூடாத அந்த உச்சந்தலையை, கொஞ்சமும் நோகாமல், ஒரு பூவில் வைத்துத் தேய்த்தாள். பிறகு அடுத்த பூவில்.