ஆள் இல்லாத திட்டு

"திட்டுல யாரும் இல்லீங்கய்யா. படகை அடுத்த ஊருக்கு அனுப்பிடலாம்" என்றாள் ட்ரோன் விடுகிற ரெஜினா.

கலியன் நம்பவில்லை. கொள்ளிடத்து நடுத்திட்டில் கத்தரி போட்டிருந்த மச்சான் தவசி, வெள்ளம் வந்த பிறகு கரையேறவே இல்லை. வேறு எங்கே போவான்? மேலே அணையில் இன்னும் தண்ணீர் திறக்கிறார்களாம். பொழுது சாய்வதற்குள் திட்டு முழுகிவிடும். கரையில் இருப்பதோ ஒரே படகு.

"எங்க, அந்தப் படத்தைக் காட்டு."

காட்டினாள். பிய்த்துத் தின்ற தோசை மாதிரி கிடந்தது திட்டு. ஒரு கொட்டகை. வாசலில் வெள்ளையாய் நாலைந்து ஆடுகள். அடுத்து, கிட்டப் போய் எடுத்த படம். அதில் ஆடுகளும் இல்லை.

"ஆடு எங்க?"

"தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"தண்ணி வேலிக்கே வரல. ஆடு எப்படிம்மா போகும்?"

ரெஜினா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"முதல் படத்துல கொட்டகைப் படல் திறந்திருக்கு. இதுல சாத்தியிருக்கு. யாரோ ஆட்டை உள்ள தள்ளியிருக்காங்க. ஏன் ஒளியணும்?"

"போன வருசம் இதே மாதிரி ஒண்ணு வந்து படம் பிடிச்சுது. பின்னாலயே பொக்லைன் வந்து, ஆத்துப் புறம்போக்குன்னு செடியெல்லாம் வழிச்சிப் போட்டுது. இந்தச் சத்தம் கேட்டா அவன் செத்தாலும் தலைகாட்ட மாட்டான்."

"இது ஆளைக் காப்பாத்த வந்ததுங்க."

"அவனுங்களும் நல்லதுக்குன்னுதான் சொன்னானுங்க. அதை மேல விடாதே" என்று சொல்லிவிட்டுக் கலியன் படகில் ஏறினான்.

ஆறு பழைய ஆறாக இல்லை. பாதையெல்லாம் முழுகிக் கிடந்தது. வேரோடு வந்த பனை ஒன்று படகின் விலாவில் இடித்தது. கொஞ்ச தூரத்தில் படகு புதருக்குள் மாட்டிக்கொண்டது.

"இப்படித் தடவிக்கிட்டே போனா நம்மளைத் தேட ஒரு படகு வரணும். அந்தப் பொண்ணுக்குப் போன் போடு" என்றான் படகுக்காரன் சிங்காரவேலு.

கலியன் வேண்டாவெறுப்பாகப் போட்டான். ட்ரோன் தலைக்கு மேல் வந்து நின்றது.

"இடது பக்கம் திருப்புங்க. நில்லுங்க, முன்னாடி மரம் மிதக்குது" என்றாள் ரெஜினா போனில்.

பொய்யோ என்று கலியன் எட்டிப் பார்த்தான். மரம் மிதந்தது.

திட்டை அடைந்தபோது கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. உள்ளே ஆடுகள் கத்தின.

"தவசி, நான்தான்டா."

"மேல நிக்குதே, அதை யாரு கூட்டியாந்தது?"

"நான்தான்."

"நீயுமா மாமா? எத்தனை நாளா அவங்க ஆளு?"

"தோட்டத்தைப் பாருடா. மொத்தமும் போச்சு. இனி ஒளிக்க என்ன இருக்கு, உன் உசுரைத் தவிர?"

படல் திறந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், தோளில் குட்டியோடு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான் தவசி. ஆடுகளையும் ஏற்றினார்கள்.

கரையில் சனம் ஓடி வந்து தவசியைக் கட்டிக்கொண்டது. ரெஜினா மட்டும் ஒதுங்கி நின்று படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கீழத்தெருப் பக்கமும் இப்படிக் காலியாத்தான் தெரிஞ்சுது. ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"முதல்ல எதுக்கு வருதுன்னு சனத்துக்கிட்டச் சொல்லு. அப்புறம் பறக்க விடு. கையாட்டுவாங்க."

சொல்லிவிட்டுக் கலியன் அவள் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"நீங்களும் வர்றீங்களா?"

"என் குரல் கேட்டாத்தான் வெளிய வருவாங்க. அதோட, நீ எதையெல்லாம் படம் பிடிக்கிறேன்னு நானும் பாக்கணும்ல?"